நம் புத்தகங்களை நாமே திறப்போம்

(வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆய்வு மாணவி பேசுகிறாள் என்றதும் கோட்பாடு, மேற்கோள் என்று நீளும் என்று சிலர் பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம். இன்று நான் கோப்புகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நம் கைப்பேசிகளில் நூற்றுக்கணக்கான மின்னூல்கள் கிடக்கின்றன. அவற்றைத் தேடவும் திருத்தவும் காதால் கேட்கவும் கூடிய எழுத்தாக மாற்றுவது எப்படி, அதை ஏன் செய்ய வேண்டும், செய்யும்போது எங்கே தவறுவோம் என்பதுதான் என் பேச்சு. கடைசியாகச் சொன்னதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு.

விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழிக்குக் கண்பார்வை இல்லை. என்னைப் போலவே அவளும் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள். அவள் மடிக்கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. இலவச மென்பொருள். திரையில் உள்ள எழுத்தைப் படித்துக் காட்டும். ஆங்கிலக் கட்டுரைகளை அதில் நம்மைவிட வேகமாகக் கேட்டு முடித்துவிடுவாள். ஒருநாள் நம் இயக்கம் சார்ந்த ஒரு தமிழ்ச் சிறுநூலின் பிடிஎஃப் கோப்பை அவளுக்கு அனுப்பினேன். சற்று நேரம் கழித்து, "அக்கா, இந்தப் புத்தகத்துல ஒண்ணுமே இல்லைன்னு சொல்லுது" என்றாள்.

நூற்றிருபது பக்கப் புத்தகம். என் கண்ணுக்கு எல்லா எழுத்தும் தெரிகிறது. அவள் கணினிக்கு அது நூற்றிருபது புகைப்படங்கள், அவ்வளவுதான்.

அதன் பிறகு இரவுகளில் நானே வாசித்துக் காட்டினேன். பெரிய உதவி செய்கிறோம் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. ஒருநாள் அவள் சொன்னாள்: "நல்லாத்தான் படிக்கிறீங்க அக்கா. ஆனா எனக்குப் பிடிச்ச பத்தியில கொஞ்ச நேரம் நிக்கணும்னாகூட உங்களைக் கேக்க வேண்டியிருக்கே." என் நேரம், என் தொண்டை, என் மனநிலை ஆகியவற்றை நம்பி அவள் படிப்பு இருந்தது. படிப்பதற்கு இன்னொருவர் தயவை எதிர்பார்த்து நிற்பது என்றால் என்ன என்று நம் வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். மின்னூல் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல வகை உண்டு. எந்த வகை என்று தெரிந்தால்தான் எப்படித் திறப்பது என்று தெரியும்.

முதல் வகை இபப். இதுதான் சுலபம். இபப் கோப்பு ஒரு ஜிப் பொட்டலம். உள்ளே இணையப் பக்கங்கள் எழுதப்படும் அதே முறையில் அத்தியாயங்களும், தனியாகப் படங்களும் இருக்கும். பூட்டு இல்லாத இபப் என்றால் பேண்டாக் என்ற கட்டற்ற மென்பொருள் ஒரே கட்டளையில் அதை ஓடிடி ஆவணமாக மாற்றித் தரும். கட்டளை தட்டத் தயங்குபவர்கள் காலிபரில் டாக்எக்ஸ் ஆக்கி, லிப்ரே ஆபிஸில் திறந்து, ஓடிடியாகச் சேமிக்கலாம். தலைப்பு தலைப்பாகவே வரும், பத்தி பத்தியாகவே வரும்.

ஏன் ஓடிடி? அது யாருடைய தனிச்சொத்தும் அல்லாத திறந்த தரம். 2006இல் ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்டது. எப்படி எழுத வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும் என்ற விதிகள் எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடப்பட்டிருக்கின்றன. இன்றைய மென்பொருள் நாளை இல்லாமல் போனாலும் வேறொருவர் அதைத் திறக்கும் மென்பொருளை எழுத முடியும். இதன் அருமை தெரிய வேண்டுமானால் தொண்ணூறுகளில் பேஜ்மேக்கரில் அச்சுக்கோத்த நம் சிறுபத்திரிகைகளை நினைத்துப் பாருங்கள். கோப்பு எங்கோ ஒரு குறுந்தகட்டில் இருக்கும். அதைத் திறக்கும் மென்பொருள் கைவிடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இரண்டாவது வகை, எழுத்து இருந்தும் எழுத்தாக இல்லாத பிடிஎஃப். தமிழுக்கே உரிய தலைவலி இது. ஒருங்குறி பரவுவதற்கு முன், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து எழுத்துருக்கள் செய்தார்கள். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தெரிவது கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கிறது. திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கும். அம்மாவைத் தேடினால் கிடைக்க மாட்டாள். தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் குறியீடுகளை ஏற்றது. 2010இல்தான் ஒருங்குறிக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் அச்சான எவ்வளவோ எழுத்து இப்படி மாறுவேடத்தில் கிடக்கிறது. எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, உரையை நகலெடுத்து, என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டால் பெரும்பாலும் ஒருங்குறியாகிவிடும். ஒருங்குறியில் செய்த பிடிஎஃப்பிலும் சிக்கல் உண்டு. கொம்பு கண்ணுக்கு எழுத்தின் முன்னால் தெரிந்தாலும் ஒருங்குறியில் எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்பட வேண்டும். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுக்கும்போது இந்த வரிசை குலைந்து கொம்பு தனியே, எழுத்து தனியே, கால் தனியே வந்து விழும்.

மூன்றாவது வகை, என் தோழிக்கு நான் அனுப்பிய புகைப்படக் கட்டு. இதற்கு எழுத்துணரி வேண்டும். டெசராக்ட் என்ற கட்டற்ற எழுத்துணரிக்குத் தமிழ் தெரியும். கூகுள் டிரைவில் படத்தை ஆவணமாகத் திறந்தாலும் எழுத்து வரும். ஆனால் பழைய அச்சு என்றால் தடுமாறும். துணைக்காலை 'ர' என்று படிக்கும். 'ணை', 'லை', 'னை' ஆகியவற்றின் பழைய வடிவங்களைக் கண்டு குழம்பும். இங்கே ஒரு வரலாறு குறுக்கிடுகிறது. பெரியார் 1935இலேயே குடிஅரசு இதழில் சீர்திருத்த எழுத்தைக் கையாளத் தொடங்கிவிட்டார். அரசு அதை 1978இல்தான் ஏற்றது. ஆகவே அந்த இடைக்காலத்தின் மற்ற அச்சுகளைவிட அவர் இதழ்கள் எழுத்துணரிக்கு இந்த ஒரு விஷயத்தில் எளிதாக இருக்கின்றன. அச்சுக்கோப்பவரின் சுமையைக் குறைக்கச் செய்த மாற்றம் இன்று இயந்திரத்தின் சுமையையும் குறைக்கிறது.

இனி என் தவறைச் சொல்கிறேன்.

ஒரு பழைய நூலை எழுத்துணரியில் போட்டேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பக்க எண் நடுவில் வந்து தொல்லை கொடுத்தது. எண்ணைத் தவிர்க்க, கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் வெட்டிவிட்டு ஓட்டினேன். வேகமாக முடிந்தது. அதிலிருந்து ஒரு பத்தியை எடுத்து என் ஆய்வு இயலில் மேற்கோளாக வைத்தேன். கோப்பைத் தோழிக்கும் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவள் கேட்டாள்: "இவர் பிறப்பால சாதியை ஏத்துக்கிற ஆளா அக்கா? இதுக்கு முன்னாடி உள்ள பக்கத்துல அப்படி இல்லையே." நூலகத்துக்கு ஓடினேன். ஆசிரியர் எதிர்த்தரப்பின் வாதத்தைப் பக்கம் முழுக்க விவரித்துவிட்டு, கடைசி வரியில் அதைப் பொய் என்று சொல்லி முடித்திருந்தார். நான் பக்க எண்ணோடு சேர்த்து வெட்டியது அந்த வரியைத்தான்.

வாழ்நாள் முழுக்கச் சாதியை எதிர்த்து எழுதியவரைச் சாதியை ஆதரிப்பவராக்கிய பெருமை எனக்கு. கண்பார்வை உள்ள நான் அதைப் பார்க்கவில்லை. கேட்டுப் படித்த அவள் கண்டுபிடித்தாள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? திருத்தக்கூடிய எழுத்து என்றால் திரிக்கக்கூடிய எழுத்தும்தானே என்று மூத்த தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான பயம். நம் தலைவர்களின் சொற்களுக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். 1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் மாநாட்டுக்காக அண்ணல் ஓர் உரை எழுதினார். உரையைப் பார்த்த அமைப்பாளர்கள் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். ஒரு கால்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்று மறுத்தார். மாநாடு நடக்கவில்லை. அவர் அதைத் தன் செலவில் அச்சிட்டார். அந்த ஆயிரத்து ஐந்நூறு படிகளும் இரண்டே மாதத்தில் தீர்ந்தன. சீக்கிரமே தமிழிலும் வந்தது. மேடை மறுக்கப்பட்ட பேச்சு எழுத்தாகப் பரவியது. அந்தக் கால்புள்ளியை நான் அலட்சியமாக இழக்கலாமா?

ஆகவே நாங்கள் சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டோம். மூலப் படக்கோப்பை அழிக்கக் கூடாது, எழுத்துக் கோப்போடு சேர்த்தே வைக்க வேண்டும். மூலத்தின் பக்க எண்ணை அந்தந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். மூலத்தில் அச்சுப்பிழை இருந்தாலும் சத்தமில்லாமல் திருத்தக் கூடாது, திருத்தினால் குறிப்பு எழுத வேண்டும். ஒருவர் மாற்றியதை இன்னொருவர்தான் மெய்ப்பு பார்க்க வேண்டும். தமிழ் விக்கிமூலத்தில் இப்படித்தான் நடக்கிறது: ஒரு பக்கம் படம், மறுபக்கம் எழுத்து, ஒருவர் மெய்ப்பு பார்க்க மற்றொருவர் சரிபார்க்கிறார். படத்தைப் பூட்டி வைத்துவிட்டால் திரிப்பது நிற்காது. மூலமும் எழுத்தும் எல்லோர் கையிலும் இருந்தால்தான் திரித்தவர் அகப்படுவார்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. 1914இல் மறைந்த அயோத்திதாசர் எழுத்து பொதுவுடைமை. அண்ணல் தம் வாழ்நாளில் வெளியிட்டவை 2017 தொடக்கத்திலிருந்து பொதுவில் இருக்கின்றன. ஆனால் அவற்றின் தமிழ் மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி. இதை மறந்துவிடாதீர்கள். உரிமையுள்ள நூலை உங்கள் சொந்த ஆய்வுக்காக மாற்றிப் பயன்படுத்தச் சட்டம் நியாயமான அளவில் இடம் தருகிறது. மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் லாபநோக்கின்றி மாற்றித் தர 2012 திருத்தம் வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. இதற்கான மராகேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்புறுதி செய்த நாடே இந்தியாதான். என் தோழிக்கு நான் மாற்றிக் கொடுப்பது அவள் உரிமை. அதையே வாட்ஸாப் குழுக்களில் போடுவது வேறு. நம் சிறு பதிப்பகங்கள் முந்நூறு படி, ஐந்நூறு படி விற்றுத்தான் அடுத்த புத்தகத்துக்குத் தாள் வாங்குகின்றன. அவர்கள் வயிற்றில் அடித்து நடக்கும் அறிவுப் பரவல் நமக்கு வேண்டாம்.

பெருநிறுவனங்கள் பூட்டோடு விற்கும் மின்னூல் இன்னொரு கதை. 2009இல் அமேசான், தான் விற்ற ஆர்வெல் நூல்களின் படிகளை வாங்கியவர்களின் கிண்டில் கருவியிலிருந்தே அழித்தது. விற்றவருக்கு அந்த நூல்களை விற்கும் உரிமை இல்லை என்பது காரணம், பணத்தையும் திருப்பித் தந்தார்கள். ஆனாலும் அலமாரியில் இருக்கும் புத்தகத்தை எடுக்கக் கடைக்காரர் வீட்டுக்குள் வர முடியுமா? இதையும் எழுத்தை நமக்கு மறுத்த பழைய கொடுமையையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்று வியாபாரம், மற்றது வன்முறை. ஆனால் நம் நினைவை யார் பொறுப்பில் விடுகிறோம் என்ற கேள்வி மட்டும் இரண்டிலும் இருக்கிறது.

1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இன்று நமக்குப் படிக்கக் கிடைப்பதற்கு, அதைத் தூக்கி எறியாமல் கட்டி வைத்த வாசகர்கள் காரணம். அயோத்திதாசர் நூல்களைக் கோலார் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை மறுபடி அச்சிட்டதும் காரணம். பல்கலைக்கழகங்கள் அவரைக் கண்டுகொள்ளாத காலம் அது. 1999இல் ஞான அலாய்சியஸ் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுத்தபோது, தொகுக்க ஏதோ மிஞ்சியிருந்தது.

நம்மிடம் என்ன மிஞ்சப் போகிறது? நம் அப்பாக்கள் கொடுத்த துண்டுப் பிரசுரங்கள், மாநாட்டு மலர்கள், ஊர்க் கலவரம் பற்றிய உண்மையறியும் குழு அறிக்கைகள் எல்லாம் பரணில் கிடக்கின்றன. பெரிய நூல்களை யாராவது செய்துவிடுவார்கள். இவற்றை நாம் செய்யாவிட்டால் யாரும் செய்யப் போவதில்லை. பதிப்பகத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: புத்தகம் அச்சுக்குப் போகும் நாளில் ஒருங்குறியில் ஓர் ஓடிடி படியையும் எடுத்து வையுங்கள். பார்வையற்ற வாசகர் கேட்டால் அதைக் கொடுங்கள்.

எங்கள் முதல் புத்தகத்தை முடிக்க மூன்று மாதம் ஆனது. நான் மூலத்தை உரக்கப் படிப்பேன், அவள் தன் கோப்பைக் காதில் கேட்டுக்கொண்டே வேறுபாட்டைச் சொல்வாள். இப்போது அவளுக்குப் பிடித்த பத்தியில் அவள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

கூட்டம் முடிந்ததும் மடிக்கணினியோடு பின்வரிசையில் இருப்பேன். வீட்டிலிருந்து பழைய பிரசுரம் எதையாவது கொண்டுவந்திருந்தால் எடுத்து வாருங்கள். முதல் பக்கத்தைச் சேர்ந்தே செய்து பார்ப்போம்.