இலையுதிர் காலத்தில் எங்கள் வீடு



நியூ ஜெர்சி வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெரிய கதை ஒன்றும் இல்லீங்க. செப்டம்பர் முதல் திங்கள் தொழிலாளர் தின விடுமுறை. அதையொட்டிப் பள்ளிக்கூடம் திறந்துவிடும். காலையில் மஞ்சள் பஸ்ஸுக்கு ஓட்டம். அக்டோபர் கடைசியில் மாலை ஆறு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். அதற்குள் சனிக்கிழமை ஆப்பிள் தோட்டம். பை வாங்கிக்கிட்டு நாமே பறிக்கலாம். ஞாயிறு பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில், புளியோதரை. நவராத்திரிக்கு ஒன்பது நாளும் கொலு உண்டு. சுண்டலுக்கு ஆள் வருவது சனி, ஞாயிறுதான்.

போன வருஷம் ஏப்ரலில் அம்மா வந்தாங்க. தங்க ஆறு மாதம்தான் அனுமதி. கொலுப் பொம்மைகளைப் பெட்டியில் வைத்த கையோடு, மேப்பிள் இலை சிவக்கிற நேரத்தில் புறப்பட்டார்கள். "இங்க பகல்ல பேச ஆள் இல்ல, ஊர்ல ராத்திரியும் இல்லடா" என்றார்கள்.

ஆகவே உள்ளூர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாடு போன நம் நண்பர்களின் பெற்றோர் முகவரிகளைச் சங்கம் திரட்டட்டும். புரட்டாசியில் ஒரு தடவையாவது அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். மாணவர்களையும் கூட்டிட்டுப் போங்க. சுண்டலுக்கு நான் உத்தரவாதம்!