ஜவளகிரி யானையும் நம் வேலியும்
(ஆண்டு சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜவளகிரிக்காரன் என்றாலே "யானை வந்துச்சா?" என்றுதான் விசாரிக்கிறீர்கள். வரத்தான் செய்கிறது. ராகி கதிர் முற்றும் ஐப்பசி, கார்த்திகையில் பன்னர்கட்டா தேசியப் பூங்காவிலிருந்து கூட்டமாகக் கிளம்பி, எங்கள் காடு வழியாகத் தேன்கனிக்கோட்டை, சானமாவு வரை போகும். மாநில எல்லையெல்லாம் நமக்குத்தான். 2014-இல் எங்கள் பக்கத்துக் காடுகளில் 504 சதுர கிலோமீட்டரைக் காவேரி வடக்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் ராகி சரணாலயத்துக்கு வெளியே அல்லவா விளைகிறது!

ஒரு ராத்திரியில் அரை ஏக்கர் போனால் அந்த வருஷக் களி போச்சு. அந்தக் கோபத்தில் ஒருமுறை நானே வேலிக் கம்பிக்கு வீட்டுக் கரண்டை இழுத்துவிட்டேன். அப்பா பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் மெயினை அணைத்து, வயரைச் சுருட்டிக் கூரையில் செருகினார். பிறகு இரண்டு பேரும் விடிய விடியத் தகரம் தட்டினோம்.

2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று பெண் யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. எனக்கு அந்த வயர்தான் ஞாபகம் வந்தது.

உங்களில் சிலர் ஓசூரில் கம்பெனி நடத்துகிறீர்கள், எங்கள் பக்கம் தோட்டமும் வாங்கியிருக்கிறீர்கள். சோலார் வேலி வேறு, கம்பத்து லைன் வேறு. சோலார் விட்டு விட்டு அடிக்கும். யானை மிரண்டு திரும்பும். லைன் கரண்டு விடாது. உங்கள் காவல்காரர் எதை மாட்டியிருக்கிறார் என்று இந்த முறையே போய்ப் பாருங்கள். திரும்பும்போது என் வீட்டில் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் உண்டு, யானை மிச்சம் வைத்திருந்தால்.