கட்டணத்தோடு நின்றுவிடலாமா? மாணவர் ஆய்வுக்கும் ஒரு பங்கு

(நமது டிரஸ்டின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் காக்கா இப்போதுதான் வாசித்து முடித்தார்கள். கல்வி உதவி என்ற தலைப்பில் மூன்று வரிகள் வந்ததைக் கவனித்திருப்பீர்கள்: கட்டணம், புத்தகம், விடுதி. நாலாவதாக ஒரு வரி சேர்க்க உங்கள் அனுமதியைக் கேட்டு நிற்கிறோம். அதற்கு முன், நாங்கள் செய்த ஒரு தவறை உங்கள் முன் வைத்துவிடுகிறோம்.

மூன்று வருடங்களுக்கு முன் நம் மஹல்லாப் பிள்ளை ஒன்று தன் வாப்பாவுடன் அலுவலகத்துக்கு வந்தது. பி.எஸ்ஸி. வேதியியல், கடைசி வருடம். கடற்கரைத் தெருக்களில் இருக்கும் கிணறுகளில் எந்த மாதம் எவ்வளவு உப்பு ஏறுகிறது என்று அளந்து பார்க்க வேண்டும், அதுதான் தன் புராஜெக்ட் என்று சொன்னது. பாட்டில், ரசாயனம், ஆட்டோ எல்லாம் சேர்த்து ஆறாயிரம் ரூபாய் ஆகுமாம். நாங்கள் கேட்ட ஒரே கேள்வி, "பீஸ் பாக்கி ஏதாவது இருக்காம்மா?" என்பதுதான். "இல்லை மாமா" என்றது பிள்ளை. "அப்படின்னா இதுக்கு நம்ம விதியில இடம் இல்லையே" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

சில மாதங்கள் கழித்து அந்த வாப்பாவைக் கடைத்தெருவில் பார்த்தோம். விசாரித்தால், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஆயத்தமாகக் கிடைக்கும் ஒரு புராஜெக்டை வாங்கி, பெயரை மாற்றி, பைண்டிங் போட்டுக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். மார்க்கும் நன்றாகவே வந்திருக்கிறது. அவர் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானே செய்கிறார்கள் என்ற தொனிதான். எங்களுக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒரு பிள்ளை தானாக ஒரு கேள்வி கேட்டது. அதுவும் நம் தெருவைப் பற்றி, நம் தண்ணீரைப் பற்றிக் கேட்டது. நம் விதிப்புத்தகம் அதன் கையில் அடுத்தவர் எழுதிய புத்தகத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டது. அந்தக் கிணறுகளில் எவ்வளவு உப்பு என்று இன்றைக்கும் நமக்குத் தெரியாது.

பெற்றோர்களில் சிலருக்குப் புராஜெக்ட் என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் மாணவர்கள் தனியாகவோ குழுவாகவோ ஒரு விஷயத்தை எடுத்து, ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டலில் தாங்களே சோதித்துப் பார்த்து எழுதித் தர வேண்டும். பாடத்தை மனனம் செய்து ஒப்பிப்பதிலிருந்து பிள்ளை வெளியே வரும் இடம் அது. பொறியியலில் கருவி செய்வார்கள், காட்சித் தொடர்பியலில் படம் எடுப்பார்கள், தமிழோ வரலாறோ படிப்பவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுவார்கள். இதற்கான செலவு பீஸ் ரசீதில் வராது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். மற்ற பிள்ளைகள் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் புத்தகத்துக்குப் போய்விடுகிறார்கள்.

முடிவு தெரியாத காரியத்துக்குப் பணம் கொடுப்பதா என்று நிர்வாகக் குழுவில் ஒரு பெரியவர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கரையில் பிறந்த நாம் அதைக் கேட்கலாமா என்று எங்களுக்குத் தோன்றியது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியைத் திறந்து காட்டியா விற்றார்கள்? வாயே திறக்காத சிப்பியை ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்று ஏலம் எடுக்கும் வியாபாரிக்கும் தெரியாது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அந்த வியாபாரத்தில் இறங்கிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நம் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதன்பிறகு பார்களில் சிப்பி போதவில்லை. 1972-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் நமக்குப் பக்கத்து வேப்பலோடையில் முத்து வளர்ப்பு ஆய்வைத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே, 1973 ஜூலையில், டாக்டர் கே. அழகர்சாமி சிப்பிக்குள் முத்தை விளைவித்துக் காட்டினார். 1981-ல் தூத்துக்குடி ஆய்வகத்தில் சிப்பிக் குஞ்சுகளையே உற்பத்தி செய்தார்கள். அதனால் ஊருக்குப் பழைய முத்து வியாபாரம் திரும்பி வந்ததா என்றால் இல்லை. ஆனாலும் அந்த ஆய்வு வீண் என்று யாரும் சொல்வதில்லை. முத்துச் சிப்பியைப் பற்றி இன்று நாட்டில் யார் படித்தாலும் தூத்துக்குடியின் பெயரைப் படிக்காமல் தாண்ட முடியாது.

கலை, இலக்கியப் பக்கமும் நமக்குப் புதிதல்ல. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் தூண்டி ஆதரித்தவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. காவியம் முடியும் முன்பே வள்ளல் மறைந்துவிட்டார்கள். விட்ட இடத்திலிருந்து பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். புலவர் அடங்கியிருப்பது நம் மாவட்டத்து எட்டயபுரத்தில். பாட்டை முழுதாக எழுதிக்கொண்டு வாரும், பிறகு தருகிறோம் என்று அந்த இரு புரவலர்களும் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இப்போது நடைமுறைக்கு வருவோம். எல்லாச் சுமையையும் டிரஸ்டே தூக்க வேண்டியதில்லை. அரசாங்கமே தருகிறது, கேட்கத்தான் ஆள் இல்லை. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம், 1984-ல் அமைக்கப்பட்டது, மாணவர் செயல்திட்டம் என்ற பெயரில் கடைசி வருட மாணவர்களுக்கு உதவுகிறது. அண்மை ஆண்டுகளில், தேர்வான ஒரு திட்டத்துக்கு 7,500 ரூபாய் என்ற அளவில் கொடுத்திருக்கிறார்கள். விண்ணப்பம் வழிகாட்டி ஆசிரியர் கையெழுத்தோடு கல்லூரி வழியாகப் போக வேண்டும். எங்களிடம் வந்த அந்தப் பிள்ளைக்கு ஆறாயிரம்தான் தேவைப்பட்டது! இதைச் சொல்லி அனுப்பும் அளவுக்குக்கூட அன்று எங்களுக்கு விவரம் இல்லை.

இன்னொன்று, பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகை. தேர்வானால் கோடையில் இரண்டு மாதம் நாட்டின் பெரிய ஆய்வகம் ஒன்றில் ஒரு விஞ்ஞானியோடு வேலை பார்க்கலாம். உதவித்தொகையும் பயணச் செலவும் தருகிறார்கள். அறிவிப்பு பெரும்பாலும் வருடக் கடைசியில் வரும். பெண் பிள்ளையை இரண்டு மாதம் வெளியூரில் விடுவதா என்று உம்மாமார் கவலைப்படுவது எங்களுக்குப் புரிகிறது. அது குடும்பத்தின் முடிவு, நாங்கள் தலையிட மாட்டோம். ஆனால் மைசூர் எக்ஸ்பிரஸில் கூடப் போய்த் தங்குமிடத்தைப் பார்த்து விட்டுவிட்டு வர வாப்பாவுக்கு ஆகும் டிக்கெட் செலவுதான் தடை என்றால், அதை டிரஸ்ட் ஏற்கும்.

சென்ற வருடம் நிர்வாகிகள் எங்கள் கைப்பணத்தைச் சேர்த்து மூன்று பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தோம். ஒரு தம்பி திரேஸ்புரத்தில் வயதான சங்குக்குளிகாரர்களை உட்கார வைத்துப் பேச விட்டுப் படம் பிடித்தார். ஒரு பெரியவர், மூச்சடக்கி இறங்கிய காலத்தில் தண்ணீருக்குள் காதில் என்ன சத்தம் கேட்கும் என்று சொல்கிறார், அதைப் பார்த்துவிட்டு அவருடைய சொந்தப் பேரனே, "அப்பா இதை எங்கிட்ட சொன்னதே இல்லை" என்றான். இரண்டாவது, கிணற்றுத் தண்ணீர்ப் புராஜெக்ட். வேறொரு பிள்ளை எடுத்துச் செய்தது. அதன் அட்டவணையை அடுத்த இதழில் போடுகிறோம், எந்தத் தெரு என்று பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது தம்பி உப்பளத்தில் உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் ஒரு கருவி செய்தார். பதினைந்து நாளில் துருப்பிடித்து நின்றுவிட்டது. அவர் பணத்தைத் திருப்பித் தர வந்தார். நாங்கள் வாங்கவில்லை. ஏன் துருப்பிடித்தது என்று நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்றோம், எழுதித் தந்தார். மூன்றிலும் நன்றாக இருந்தது அதுதான் என்பது எங்கள் அபிப்பிராயம். பொருளாளர் காக்கா ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பீஸ் கட்ட முடியாத பிள்ளைகள் வாசலில் நிற்கும்போது இது தேவையா என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறோம். கட்டண உதவியில் ஒரு ரூபாயும் குறையாது. ஜகாத் கணக்கையும் தொடப் போவதில்லை. ஆலிம்களிடம் மசூரா செய்தோம். ஜகாத் அதற்குரியவர்களின் கைக்கே போய்ச் சேரட்டும், கருவிக்கும் ரசாயனத்துக்கும் ஸதகாவிலிருந்தும் வாடகை வருமானத்திலிருந்தும் எடுங்கள் என்று சொன்னார்கள். நம் இரண்டு கடைகளுக்கு இவ்வருடம் வாடகை உயர்ந்திருக்கிறது. அந்தக் கூடுதல் தொகையிலிருந்து 1,20,000 ரூபாயைத் தனியாக வைக்கலாம் என்பது எங்கள் கோரிக்கை. ஒருவருக்கு அதிகபட்சம் 10,000. அரசு உதவிக்கு முதலில் விண்ணப்பித்திருக்க வேண்டும். கிடைக்காதவர்களுக்கும், கிடைத்தது போதாதவர்களுக்கும் நாம் தருவோம். பில் காட்ட வேண்டும். முடிந்ததும் தமிழில் நாலு பக்கம் எழுதி, இந்த மேடையிலேயே வந்து பேச வேண்டும். பலன் வரவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டோம். விலைக்கு வாங்கிய புராஜெக்ட் என்று தெரிந்தால் மட்டும் கேட்போம்.

தேர்வுக் குழுவில் நிர்வாகிகள் இருவர்தான் இருப்போம். மற்ற மூவர் கல்லூரி ஆசிரியர்கள், அதில் ஒருவர் பெண். எங்கள் சொந்தக்காரப் பிள்ளை விண்ணப்பித்தால் நாங்கள் எழுந்து வெளியே போய்விடுவோம் என்றும் தீர்மானத்தில் எழுதியிருக்கிறோம்.

தீர்மானத்தின் பிரதி உங்கள் கையில் இருக்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் இப்போதே எழுந்து சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், நிறைவேறினால் வரும் திங்கள் முதல் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அலுவலகத்தில் படிவம் கிடைக்கும். மூன்று வருடங்களுக்கு முன் நாங்கள் திருப்பி அனுப்பிய அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. படிவத்தில் என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது அதுதான்.