மெய்ப்போருக்கு உதவும் வித்தை யாது?
(ஓசூரில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிப்காட் ஆலைகளில் இரவு முறை வேலை முடித்துத் திரும்பும் நம் பிள்ளைகளுக்குத் தற்காப்பு வித்தை பயிற்றுவித்தல் வேண்டுமென்பது சென்ற கூட்டத்தில் யாவரும் ஒப்பியதே. எந்த வித்தை என்பதில்தான் பிணக்கு எழுந்தது. சிலம்பமே என்றனர் ஒரு சாரார். கராத்தே என்றனர் மற்றொரு சாரார். ஜூஜூவாடிக்கு அப்பால் அத்திப்பள்ளிப் பக்கம் உறவுடையோர் குஸ்தி என்றனர். செலவாகவிருப்பது சங்கப் பணமாதலின், அபிமானத்தை ஒருபுறம் வைத்து ஆராய்வது நம் கடனாகும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களில் மிகுந்து காணப்படும் நடுகற்களை முதலில் நோக்குவோம். ஆநிரைப் பூசலில் மாய்ந்தோர் வில்லும் வாளும் ஏந்தி நிற்கின்றனர். சிலர் உடலில் அம்புகள் தைத்துள்ளன. புலியொடு பொருதவன் கையிலும் ஆயுதம் உண்டு. உயிர்ப்போரில் வெறுங்கை கடைசிப் புகலிடமேயன்றி முதற் புகலிடமன்று என்பதை அக்கற்களே காட்டும். ஆதலின் கம்பு பிடிக்கக் கற்பிக்கும் சிலம்பத்தை எளிதில் தள்ளலாகாது. எதிரியை எட்ட நிறுத்தும் நீளம் அதற்குண்டு. ஆயினும் இன்று திருவிழாக்களில் நாம் காண்பது பெரும்பாலும் அலங்கார வீச்சே. கண்ணுக்கு இனிது, தோளுக்கும் நன்று. எதிரியின் அடியைத் தாங்கிப் பழகாதவனுக்கு முதல் மோதலிலேயே விரல் நொறுங்கும். கம்பு நுனியில் சாயந் தோய்த்து, உடம்பில் பட்ட குறிகளை எண்ணி வெற்றி கூறும் பழைய போட்டி முறையே நமக்கு வேண்டற்பாலது.

மைசூர் அரண்மனையில் விஜயதசமியன்று நிகழும் வஜ்ரமுஷ்டியைச் சிலர் எடுத்துக் கூறினர். முள்ளுடைய கைக்கருவியோடு மல்லர் இருவர் பொருதலும், தலையில் முதற் குருதி கண்டவுடன் போர் நிறுத்தப்படுதலும் உண்மையே. ஆனால் குருதி சிந்தும் வித்தையை நாள்தோறும் முழு வலிவோடு பழகுவது எங்ஙனம்? நாள்தோறும் பழகத்தக்கது கன்னட நாட்டார் கரடிமனை என்னும் கூடத்துச் செம்மண் குஸ்தியே. (கரடி என்னும் விலங்கிற்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை, சிறுவர் அஞ்ச வேண்டா.)

இவ்வுண்மையை ஜப்பானில் ஜிகோரோ கானோ என்பார் நன்குணர்ந்தார். 1882இல் கோடோகான் என்னும் ஜூடோ பள்ளியை நிறுவி, ஆபத்தான பிடிகளை நாட்பயிற்சியினின்றும் விலக்கி, எஞ்சியவற்றை முழு வலிவோடு பழகச் செய்தார். அப்பள்ளியில் பயின்ற மயேடா 1914இல் பிரேசில் சென்றார். அவர் வழிவந்த வித்தையைக் கிரேசி குடும்பத்தார் வளர்த்தனர். பற்பல வித்தையினரை ஒன்றோடொன்று மோதவிட்டு 1993இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த போட்டியில், மெலிந்த மேனியரான ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரை வென்றார்.

இதனால் தரையில் உருளும் வித்தையே போதுமென்று முடிவு கட்டலாகாது. அங்கே எதிரி ஒருவன், நடுவர் உண்டு, தரை மெத்தென்றது. நம் நெடுஞ்சாலையிலோ கீழே ஜல்லி. எதிரியின் தோழரும் உடனிருப்பர். நமக்கு வேண்டியது நின்றவாறே வீழ்த்துதலும், வீழ்ந்தால் விரைந்து எழுதலுமாம்.

கராத்தேயைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. எதிர்த்து மோதவிடும் பள்ளியில் அது நன்றே. மாதக் கட்டணத்திற்கு நிறம் மாறும் பள்ளியில் இடைக்கச்சை மட்டுமே மிஞ்சும். கத்தியைக் கண்டால் ஓடுவதே வித்தை. அதற்கும் மூச்சுப் பயிற்சி வேண்டும்.

சட்டத்தையும் நம் இளைஞர் அறிதல் நலம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்புரிமையைக் கூறுகின்றன. தற்காப்புக்கு வேண்டிய அளவிற்கு மேற்பட்ட தீங்கிழைக்க அவ்வுரிமை இடந்தராது. விழுந்தவனை மேலும் அடிப்பவன் குற்றவாளியாவான்.

எனவே, செம்மண் கோதா ஒன்றும், மோதிப் பழகும் சிலம்பமும் தொடங்குவதற்குச் சங்கம் பொருள் உதவுமாறு யாம் கோருகின்றோம். ஆசான் யாராயினும், அவர் பெற்ற பட்டங்களை வினவுவதற்கு முன், தம் மாணாக்கரை வாரத்தில் எத்தனை நாள் எதிரெதிரே மோதவிடுகின்றார் என்று வினவுவோமாக. பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்குதல் வேண்டும். குஸ்திக்கு ஆசிரியை அமையும்வரை அவர்கள் கம்பிலிருந்தே தொடங்கலாம்.