கத்திரி வெயிலும் குர்பானி ஆடுகளும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவானது. ஆகவே ஹஜ்ஜுப் பெருநாள் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து வருகிறது. 2023-இல் ஜூன் 29, 2024-இல் ஜூன் 17, 2025-இல் ஜூன் 7 என அமைந்த பெருநாள், 2026 முதல் சில ஆண்டுகளுக்கு மே மாதக் கத்திரி வெயிலிலேயே அமைகிறது. மதுரையிலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களிலும் அக்காலத்தில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது புதிதன்று. எனவே குர்பானி ஆடுகளையும், அவற்றைப் பராமரிக்கும் நம் பிள்ளைகளையும் காப்பது பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம்.

நம் இல்லத்தில் நிகழ்ந்த தவறு ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம். ஓராண்டு, வாங்கிவந்த கிடாயை மொட்டை மாடியில் சுவரின் நிழலில் கட்டினோம். காலையில் இருந்த நிழல் நண்பகலில் அங்கில்லை. கயிறோ குட்டையானது. லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது, அது வாயைத் திறந்து இரைத்தபடி கால்கள் தள்ளாடி நின்றது. அல்லாஹ்வின் அருளால் பிழைத்துக்கொண்டது. நிழல் நகரும், கட்டிய ஆடு நகர இயலாது என்பதை அன்று உணர்ந்தோம்.

நமக்கு வியர்த்து உடல் குளிர்கிறது. ஆட்டுக்கு வியர்வை மிகக் குறைவு. விரைந்து மூச்சு வாங்கியே அது தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். காற்றோட்டமும் தண்ணீரும் இல்லையெனில் அதற்கு வேறு வழியில்லை. ஆகவே தகரக் கூரையின் கீழோ, வெற்றுத் தளத்திலோ கட்டாதீர்கள். மரநிழலும் மண்தரையுமே உகந்தவை. சந்தையிலிருந்து அதிகாலையிலோ இரவிலோ கொண்டுவாருங்கள். கால்களைக் கட்டி இருசக்கர வாகனத்தில் தொங்கவிடுதல் தகாது. அன்பின் மிகுதியால் சோறும் கஞ்சியும் அளவின்றிக் கொடுத்தால் வயிறு உப்பி ஆடு மடியக்கூடும். தழையும் புல்லும் காலை, மாலைகளில் கொடுத்தால் போதும்.

ஆடு இரைத்துத் தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுசென்று, கால்களிலும் வயிற்றிலும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். வாயில் வலிந்து நீர் புகட்டாதீர்கள். 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தியை அழைக்கலாம்.

வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டி மாடுகளைப் பூட்டலாகாது என்று 1965-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி கூறுகிறது. மாட்டுக்கு ஆகாத அந்த வெயில் நம் பிள்ளைகளுக்கும் ஆகாது. அந்நேரத்தில் ஆடு மேய்க்க அவர்களை அனுப்பாதீர்கள். கடும் உடற்சூட்டுடன் பேச்சுக் குழறினால் அது வெப்பத் தாக்கு. உடனே 108-ஐ அழைத்துவிட்டு, ஈரத்துணியால் உடலைத் துடைத்து விசிறுங்கள். நினைவிழந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் நீர் முகந்து கொடுத்தவரின் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறிய செய்தியை நாம் அனைவரும் அறிவோம். தெரு நாய்க்கே அவ்வாறெனில், அல்லாஹ்வுக்காக என்று நாம் வாங்கி வந்த ஆட்டைத் தாகத்தில் வாடவிடலாமா? அறுக்கும் நாள் வரையிலும் அது நம் பொறுப்பில் விடப்பட்ட அமானிதம்.

எனவே, இல்லந்தோறும் வாசலில் ஒரு மண்தொட்டியில் தண்ணீர் வைப்போம். கொசு பெருகாதிருக்க அதை நாள்தோறும் கழுவி நிரப்புவோம். நம் வீட்டு ஆடு மட்டுமின்றி, தெருவில் அலையும் நாயும், கூரையில் அமரும் காகமும் குருவியும் அதில் பங்கு பெறட்டும்.

வல்ல அல்லாஹ் நம் குர்பானிகளை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.