பூவுக்கு வந்திருக்கிறது யாரு?

தோட்டத்துல ஒரு பூ மேல ஏதோ பறந்து வந்து உட்காருது. உடனே "ஐயோ, தேனீ!"ன்னு ஒதுங்கிடறோம். ஆனா வர்றதெல்லாம் தேனீ இல்லை. கொஞ்சம் உத்துப் பார்த்தா ஆளைக் கண்டுபிடிச்சிடலாம்.

முதல்ல இறக்கையைப் பாருங்க. தேனீக்கு நாலு இறக்கை. அதே மாதிரி மஞ்சளும் கறுப்புமா கோடு போட்டுக்கிட்டு, அந்தரத்துல அசையாம நின்னு பறக்கிற ஒண்ணு இருக்கு. அதுக்கு ரெண்டே இறக்கை. தலை முழுக்கக் கண்ணு. அது ஒரு வகை ஈ. கொட்டவே கொட்டாது. சும்மா வேஷம்!

அடுத்து, மகரந்தம் எங்கே ஒட்டியிருக்குன்னு பாருங்க. பின்னங்கால்ல உருண்டையா இருந்தா, தேன் சேர்க்கிற தேனீ. அடிவயிறு முழுக்க அப்பியிருந்தா, இலைவெட்டித் தேனீ. ரோஜா இலையோட ஓரத்தை வட்டமா நறுக்கிட்டுப் போறது இதுதான்.

கத்திரிப் பூவுக்கு நீலக்கோடு போட்ட ஒரு தேனீ வரும். அந்தப் பூவுல மகரந்தப் பையோட நுனியில சின்ன ஓட்டைதான். இந்தத் தேனீ பூவைக் கவ்விக்கிட்டு உடம்பை அதிர வைக்கும். பொலபொலன்னு தூள் கொட்டும்.

கன்னங்கரேல்னு, பெருசா ரீங்காரம் போட்டுக்கிட்டு வருதே, நாம வண்டுன்னு சொல்றோமே, அதுவும் தேனீ இனம்தான். மரத்தைக் குடைஞ்சு கூடு கட்டும்.

இவங்கெல்லாம் வராட்டி என்ன ஆகும்? ஒருத்தர் நண்பர்கிட்ட புலம்பினாராம்: "பூசணிக்கொடி பூவாப் பூக்குது, ஒரு பிஞ்சுகூட நிக்கலை."

"பூவுக்குப் பூச்சி வருதா?"

"அதெப்படி வரும்? தினமும் மருந்து அடிக்கிறேனே!"