ஒரு மரக்கால்னா எவ்வளவு?

இந்த பாட்காஸ்ட்டுக்கு வர்ற மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். "அண்ணா, இன்ஜினியரிங் முடிச்சுட்டேன், சோசியாலஜி எம்.ஏ. பண்ணலாமா? பண்ணா என்ன கிடைக்கும்?"

முதல்ல காசு விஷயத்தைப் பேசி முடிச்சுடலாம். நான் ஓ.எம்.ஆர்.ல ஒரு கம்பெனியில ரெண்டு வருஷம் டெஸ்டிங் வேலை பார்த்தேன். அதை விட்டுட்டுத்தான் எம்.ஏ. போனேன். படிப்பு முடிஞ்சு நாலு வருஷம் ஆகுது. அந்தப் பழைய டெஸ்டிங் சம்பளத்தை நான் தொட்டதே போன வருஷம்தான். வீட்டுல கடன் இருக்கிறவங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுங்க. சேர்றது பெரிய சிக்கல் இல்ல. எந்த டிகிரி முடிச்சிருந்தாலும் எடுத்துக்கிற எம்.ஏ. கோர்ஸ் நிறைய இருக்கு. மத்தியப் பல்கலைக்கழகங்கள்ல பெரும்பாலும் 2022லேருந்து சி.யூ.இ.டி. பி.ஜி. நுழைவுத் தேர்வுதான்.

முதல் செமஸ்டர் என்னை அடிச்சுப் போட்டுடுச்சு, உண்மையைச் சொல்றேன். கிளாஸ்ல சிலர் மார்க்ஸ், வேபர்னு பக்கத்து வீட்டு மாமா மாதிரி பேசுவாங்க. நான் ஒரு பாராவை மூணு தடவை படிச்சுட்டு, டிக்‌ஷனரியை மூடி வச்சுட்டு, பழைய மேனேஜருக்கு போன் போடலாமான்னு யோசிப்பேன். கடைசியில என்னைக் காப்பாத்தினது மெஸ்ல சாப்பிட்டுக்கிட்டே நாலு பேர் கட்டுரைகளைத் தமிழ்ல பேசிப் பார்த்ததுதான். தமிழ்ல சொல்ல முடியலைன்னா நமக்கு இன்னும் புரியலைன்னு அர்த்தம். இப்பவும் நான் அப்படித்தான் படிக்கிறேன்.

நான் சொல்ல வந்தது ரெண்டாவது வருஷம் நடந்த விஷயம்.

கில்பர்ட் ஸ்லேட்டர்னு ஒருத்தர். 1915ல சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் பொருளாதாரப் பேராசிரியரா வந்தவர். தன்னோட மாணவர்கள் கையில ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, கிராமங்களைப் பத்தி எழுதிட்டு வாங்கன்னு அனுப்பினார். அதெல்லாம் சேர்ந்து 1918ல புத்தகமா வந்துச்சு. அதுல வர்ற இருவேல்பட்டு மாதிரி ஊர்களுக்குப் பல பத்தாண்டுகள் கழிச்சும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போயிருக்காங்க. தஞ்சாவூர்ப் பக்கம் பாலக்குறிச்சியும் அந்தப் பட்டியல்ல இருக்கு. எங்க அம்மாச்சி ஊரும் கீழத்தஞ்சைதான். அப்ப நாமளும் நம்ம ஊரையே எடுத்துப்போம்னு முடிவு பண்ணேன்.

என்கிட்ட ஒரு புதையல் வேற இருந்துச்சு. தாத்தாவோட கணக்கு நோட்டுங்க. பரண்ல ஒரு டிரங்குப் பெட்டி நிறைய. 1968ல கீழ்வெண்மணியில 44 பேரை எரிச்சாங்க இல்லையா, அதுக்குப் பின்னாடி 1969ல அரசாங்கம் விவசாயக் கூலிக்குச் சட்டம் கொண்டு வந்துச்சு. அந்தச் சட்டம் வந்த பிறகு ஒரு குடும்பம் கூலியை எப்படிக் கொடுத்துச்சு? இதுதான் என் தலைப்பு. 1971 நோட்டுல தாத்தா அழகா எழுதியிருக்கார். நடவு, பெண்ணாள் 12, ஆளுக்கு ஒரு மரக்கால் நெல். பரவாயில்லையே, நம்ம தாத்தா ஒழுங்காத்தான் கொடுத்திருக்கார்னு எனக்கு ஒரே பெருமை. பாதி சாப்டரை சென்னையிலேயே எழுதி முடிச்சுட்டேன்.

கைடு படிச்சுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "வாங்கினவங்க யாரையாவது பார்த்தீங்களா?"

அந்த ஊர்ல எல்லா லீவும் கழிச்சவன் நான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனிக்கு மட்டும் ஒரு தடவைகூடப் போனதில்ல. யாரும் போகாதேன்னு சொன்னதும் இல்ல. போற மாதிரி ஒரு வேலை வரவே இல்ல, அவ்வளவுதான். இருபத்தாறு வயசுல, கையில ஒரு ரெக்கார்டரோட, முதல் தடவையா அந்தப் பாலத்தைத் தாண்டினேன்.

நான் தேடிப் போனவங்களுக்கு எழுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும். அவங்களை என்னன்னு கூப்பிடறதுன்னே தெரியல. எங்க வீட்டுல சின்னப் புள்ளைங்ககூட அவங்களைப் பேர் சொல்லித்தான் பேசும். நான் "பாட்டி"ன்னேன். அவங்க திரும்பி, பின்னாடி வேற யாராவது நிக்கிறாங்களான்னு பார்த்தாங்க.

முதல் நாள் எல்லாக் கேள்விக்கும் நல்ல பதில்தான். "பெரியவர் தங்கமான மனுஷன். ஒரு குறையும் இல்ல தம்பி." நான் வந்த வீடு எதுன்னு தெரிஞ்சா வேற என்ன சொல்லுவாங்க? இது இன்டர்வியூ இல்ல, மரியாதைன்னு எனக்கே புரிஞ்சுது. ரெக்கார்டரைப் பையில போட்டுட்டு, அடுத்தடுத்த நாள் சும்மா போய்த் திண்ணையில உட்கார்ந்தேன்.

நாலாவது நாள் நோட்டை எடுத்துட்டுப் போய்ப் படிச்சுக் காட்டினேன். ஆளுக்கு ஒரு மரக்கால். அவங்க கேட்டாங்க: "எந்த மரக்கால்?"

எனக்கு விளங்கல.

"நெல்லு வாங்குற மரக்கால் ஒண்ணு இருக்கும் தம்பி. எங்களுக்கு அளக்குறது வேற. அது கொஞ்சம் சின்னது. ஒரு மரக்கால்னுதான் சொல்லுவாங்க, பொய் இல்ல." சொல்லிட்டு ரெண்டு கையாலயும் அளவு காட்டினாங்க, பெருசு, சின்னது.

பிறகுதான் லைப்ரரியில கிடைச்சுது. 1940கள்லேயே கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர்கள் முத்திரை போட்ட மரக்கால்லதான் கூலி அளக்கணும்னு கேட்டுப் போராடியிருக்காங்க. அது ஏன் ஒரு கோரிக்கைன்னு அதுக்கு முன்னாடி படிச்சிருந்தா, அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பேன். நோட்டுல இருக்கிற எண் சரிதான், கூட்டல்கூடத் தப்பில்ல. அந்த எண் என்ன அளவைக் குறிக்குதுன்னு அவங்க சொல்லாம எனக்குத் தெரிஞ்சிருக்காது.

எழுதின பாதி சாப்டர் குப்பைக்குப் போச்சு. ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வைங்க, நீங்க யார் வீட்டுப் பேரன்னும் அங்கேயே எழுதுங்கன்னாங்க கைடு. அந்த ரெண்டாவதுதான் கஷ்டம். அம்மாகிட்ட சொன்னேன். "செத்துப் போன மனுஷனைப் பத்தி இதெல்லாம் எழுதணுமா?"ன்னு கேட்டாங்க. ஒரு மாசம் சரியாப் பேசல. அம்மா கேட்டதுலயும் நியாயம் இருக்குன்னு இன்னைக்கும் நினைக்கிறேன். ஆனாலும் எழுதினேன்.

ஊர்ப் பேரை மாத்தினேன், அந்தப் பாட்டி பேரையும் மாத்தினேன். பேரை மாத்தலாமான்னு கேட்டப்போ, "எதுக்கு? நான்தானே சொன்னேன்?"னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு என்கிட்ட இருந்த பதில் எனக்கே திருப்தியா இல்ல. அவங்க பிள்ளைங்க இன்னும் அதே ஊர்லதான் வேலை கேட்டுப் போகணும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, சரின்னாங்க.

தீசிஸ் முடிஞ்சதும் அந்தச் சாப்டரைத் தமிழ்ல பதினோரு பக்கமா எழுதி எடுத்துட்டுப் போய் வாசிச்சேன். பேத்தியும் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுச்சு, பிளஸ் டூ படிக்கிற பொண்ணு. ரெண்டு இடத்துல என்னை நிறுத்தித் திருத்தினாங்க. ஒண்ணு, வயல் பேரு தப்பு. இன்னொண்ணு, நடவுக்குப் போன பெண்கள் பன்னிரண்டு பேர் இல்லையாம். பதிமூணு பேராம்.